உடனுறைவும் கூடிவாழ்வும்

ஆங்கில மொழியில் 'கோஎக்ஸிஸ்டன்ஸ்' என்றொரு சொல் உண்டு. 1950-ஆம் ஆண்டுகளில் உலக அரசியலைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அச்சொல் அடிபட்டது. தமிழ் நாளிதழ்கள் அதனைச் 'சமாதான சகவாழ்வு' என்னும் தொடரால் பெயர்த்து வழங்கின. பின்னர் உடனிருப்பு, உடனுறைவு, கூடிவாழ்வு, நல்லிணக்கம் என்னும் சொற்களும் அதன் இடத்தில் வந்து அமர்ந்தன. இவை யாவும் ஒரே பொருளைக் குறிப்பன என்று கருதியே இன்று பலரும் எழுதுகின்றனர். மாணவர் தம் கட்டுரையில் ஒன்றற்கு ஈடாக மற்றொன்றை எழுதினும் ஆசிரியர் திருத்துவது அரிது.

ஆயினும் இச்சொற்களுக்கிடையே உள்ள வேற்றுமை சிறிதன்று. அருகருகே இருப்பது வேறு. ஒருவரோடொருவர் பொருந்தி வாழ்வது வேறு. இவ்வேற்றுமையைச் சொல்லாராய்ச்சியால் மட்டும் தெளிதல் கடினம். ஓர் ஊரின் வரலாற்றோடு வைத்து நோக்கின் அது தெற்றென விளங்கும். கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடையே அமைந்த பண்டமாரான் அதற்கு ஏற்ற ஊர். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் வாழும் அவ்வட்டாரத்தில், மக்கள் அருகருகே வைக்கப்பட்ட காலமும் உண்டு. தாமே கூடி வாழத் தலைப்பட்ட காலமும் உண்டு.

சொல்லின் பிறப்பு

இவ்வாங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 'எக்ஸிஸ்டெரே' என்னும் இலத்தீன் வினை 'வெளிப்பட்டு நிற்றல், தோன்றுதல்' எனப் பொருள்படும். அதன் முன் 'உடன்' என்னும் பொருள் தரும் 'கோ' என்ற முன்னொட்டுச் சேர்ந்தது. எனவே 'உடன் தோன்றி நிற்றல்', அஃதாவது ஒரே காலத்தில் இருத்தல் என்பதே இதன் முதற்பொருள். ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டில் இது தத்துவ நூலாரின் சொல்லாக வழங்கியது. செர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் (1646–1716), இடம் என்பதை உடனிருக்கும் பொருள்களின் ஒழுங்கு என்றும், காலம் என்பதை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வனவற்றின் ஒழுங்கு என்றும் விளக்கினார். அவ்விளக்கத்தில் உடனிருக்கும் பொருள்களுக்கிடையே நட்பும் இல்லை, பகையும் இல்லை. மேசைமேல் உள்ள விளக்கும் புத்தகமும் உடனிருக்கின்றன. அவ்வளவே.

உயிரியலாரும் இச்சொல்லை ஏறக்குறைய இப்பொருளிலேயே ஆளுகின்றனர். ஒரு குளத்தில் இருவகை மீன்கள் ஒன்றையொன்று அழிக்காமல் நிலைத்திருப்பின் அவை உடனிருக்கின்றன என்பர். பாசியும் காளானும் இணைந்து ஒன்றால் ஒன்று பயன்பெறும் வாழ்வை அச்சொல்லால் குறிப்பதில்லை. அதற்கென்று வேறு கலைச்சொல் வைத்துள்ளனர். தமிழில் அதனைக் கூட்டுயிர் வாழ்வு எனலாம். அறிவியல் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கின்றது.

சமாதானம் என்னும் அடைமொழி அரசியலில் ஏன் வேண்டியிருந்தது என்பது இதனால் புலனாகும். உடனிருத்தல் என்னும் சொல்லிலேயே அமைதி அடங்கியிருந்தால் அடைமொழிக்குத் தேவையில்லை. பகைவரும் உடனிருக்கலாம், போர்க்களத்தில் எதிரெதிரே நிற்கும் இரு படைகளும் உடனிருப்பனவே. அடைமொழி வந்து அடைந்ததே பெயர்ச்சொல்லின் வறுமைக்குச் சான்று.

அரசுகளின் சகவாழ்வு

மாறுபட்ட ஆட்சிமுறை கொண்ட நாடுகள் போரின்றி இருத்தல் என்னும் கருத்தைச் சோவியத்து அரசினர் 1920-ஆம் ஆண்டுகளிலேயே பேசத் தொடங்கினர். ஆசிய மக்களிடையே அது பரவியது 1954-இல் ஆகும். அவ்வாண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் இந்தியாவும் சீனாவும் திபெத்துடன் நடைபெறும் வாணிகம், போக்குவரவு பற்றிப் பீக்கிங் நகரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் முகப்பில் ஐந்து கொள்கைகள் இடம்பெற்றன. பஞ்சசீலம் எனப் பெயர்பெற்ற அவற்றுள் ஐந்தாவது சமாதான சகவாழ்வு. அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 18 முதல் 24 வரை, இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 நாடுகள் கூடிய ஆசிய ஆப்பிரிக்க மாநாட்டிலும் அக்கருத்து ஓங்கி ஒலித்தது. 1956-இல் சோவியத்துத் தலைவர் குருஷேவ் தம் கட்சியின் 20-ஆம் பேராயத்தில் அதனைத் தம் அயல்நாட்டுக் கொள்கையாக வலியுறுத்தினார்.

இத்தொடரின் பிற்காலம் அத்துணை மகிழ்ச்சி தருவதன்று. 1954-ஆம் ஆண்டு ஒப்பந்தம் எட்டு ஆண்டுகளுக்கே செய்யப்பட்டது. 1962-இன் நடுவில் அது காலாவதியாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் இந்தியாவும் சீனாவும் எல்லையில் போரிட்டன. பாண்டுங் மாநாட்டை விருந்தோம்பி நடத்திய இந்தோனேசியா, 1963-இல் மலேசியா உருவானபோது அதனை எதிர்த்து 'கொன்ஃப்ரொந்தாசி' என்னும் மோதலைத் தொடங்கி 1966 வரை நடத்தியது.

கொள்கை பொய் என்பது இதனால் பெறப்படாது. அரசுகள் அச்சொல்லுக்குக் கொண்ட பொருளின் அளவே இங்குக் கருதற்பாலது. ஒரு நாடு மற்றொரு நாட்டைத் தாக்காதிருத்தல், அதன் உள்விவகாரத்தில் தலையிடாதிருத்தல் என்ற எதிர்மறைகளே அதன் உள்ளீடு. எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் வாழும் அரசுகளுக்கு அவ்வளவு போதலாம். ஒரே தெருவில், ஒரே கிணற்றடியில், ஒரே சந்தையில் நாள்தோறும் முகம் பார்த்து வாழ்வோர்க்கு அது போதாது.

தமிழ் மரபில் 'உடன்'

தமிழில் 'சகவாழ்வு' என்னும் சொல் வடமொழி முன்னொட்டும் தமிழ்ப் பெயரும் கலந்த கலப்புச்சொல். அதற்கு முன்பே 'சகவாசம்' தமிழில் வழக்கூன்றியிருந்தது. சொல்லளவில் 'சேர்ந்து வசித்தல்' எனப் பொருள்படும் அது, பேச்சு வழக்கில் 'பழக்கம், நட்பு' என்று திரிந்து, இறுதியில் பெரும்பாலும் தீய நட்பையே சுட்டும் நிலைக்கு இறங்கிவிட்டது. 'அவன் சகவாசமே வேண்டாம்' என்று பெற்றோர் பிள்ளைகளைக் கண்டிக்கின்றனர். சேர்ந்து வசித்தல் தன்னளவில் நன்மையாகி விடுவதில்லை என்னும் உலகியல் அறிவு அத்திரிபில் பதிந்துள்ளது.

திருவள்ளுவர் இதனை அறிந்தே 'உடனுறைதல்' என்னும் சொல்லை ஆண்டார். உட்பகை அதிகாரத்தின் இறுதிக் குறளில், மனம் ஒவ்வாதவரோடு வாழும் வாழ்க்கைக்கு அவர் காட்டும் உவமை, ஒரு குடிலுக்குள் பாம்போடு உடனுறைதல். ஒரே கூரை, ஒரே சுவர், ஒரே இரவு யாவும் அங்கு உண்டு. இல்லாதது உடன்பாடு ஒன்றே. இன்றைய ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ் எது என வினவின், பொருளாழத்தால் மிக அணுக்கமானது வள்ளுவர் ஆண்ட இவ்வுடனுறைதலே எனலாம்.

இலக்கணமும் இங்கு ஒரு நுட்பத்தைத் தருகின்றது. மூன்றாம் வேற்றுமையின் ஒடு, ஓடு என்னும் உருபுகளுக்கு உடனிகழ்ச்சிப் பொருள் உண்டு என்பது நன்னூல் பயின்றோர் அறிந்ததே. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில், வேற்றுமை மயங்கியலில், இதன்மேல் ஒரு விதியும் வகுத்தார். இருவர் ஒரு வினையை நிகழ்த்தும்போது ஒடு என்னும் உருபு உயர்ந்தோரைக் குறிக்கும் பெயரோடு சேரும் என்பது அவ்விதி. 'கங்காணியோடு ஆட்கள் வந்தார்கள்' என்பதே மரபு. இருவரும் வந்தனர், ஒரே கப்பலில், ஒரே நாளில் வந்தனர். ஆயினும் அவ்வுருபு யார் தலைமை, யார் பின்வருவோர் என்பதைக் காட்டிவிடுகின்றது. பிற்கால வழக்கில் இவ்விதி நெகிழ்ந்ததாயினும், உடனிகழ்ச்சிக்குள் ஏற்றத்தாழ்வு மறைந்திருத்தல் கூடும் என்ற உண்மையைப் பண்டை இலக்கணம் கண்டுகொண்டது.

இதற்கு மாறானது எண்ணும்மை. 'மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் வந்தனர்' என்னும்போது ஒவ்வொரு பெயரும் தனக்குரிய உம்மையைப் பெற்று நிற்கின்றது. எது முன், எது பின் என்பது எண்ணிய வரிசையே ஆகும்; உயர்வு தாழ்வு அங்கு இல்லை. உடனிகழ்ச்சியும் எண்ணும்மையும் தமிழில் இருவேறு இலக்கணங்கள். ஒரு சமுதாயத்தில் மக்கள் எந்த இலக்கணப்படி சேர்க்கப்பட்டனர் என்று வினவுதல் வரலாற்றாசிரியர்க்கும் பொருந்தும்.

கிள்ளான் வட்டாரம்

கிள்ளான் வட்டாரத்துத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் 'ஒடு' உருபின் வரலாறு. கங்காணியோடு வந்தவர்கள் கித்தாத் தோட்டங்களில் லயங்களில் குடியேறினர். மேலே துரை, அவருக்குக் கீழ்க் கிராணி, அவருக்குக் கீழ்த் தண்டல், அவருக்குக் கீழ்ப் பால்மரம் சீவுவோர் என்று அடுக்கடுக்காக அமைந்தது தோட்ட வாழ்வு. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டபோது மலேரியாக் காய்ச்சல் தொழிலாளரை வாட்டியது; துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று எண்ணும் அளவுக்கு நோய் முற்றியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்தும் காட்டை வெட்டியும் நோயைக் கட்டுப்படுத்திய பின்னரே துறைமுகம் நிலைத்தது. கொசு இன வேற்றுமை பார்க்கவில்லை. ஆனால் குடியிருப்பும் கூலியும் இனவாரியாகவே பிரிந்திருந்தன.

இந்நிலையைப் பின்னாளில் 'பன்மைச் சமுதாயம்' என்னும் பெயரால் விளக்கியவர் பர்மாவில் பணிபுரிந்த ஆங்கில அறிஞர் பர்னிவால். பர்மாவையும் டச்சு இந்தியத் தீவுகளையும் ஆராய்ந்து 1939-லும் 1948-லும் அவர் வெளியிட்ட நூல்களில் இக்கருத்து இடம்பெற்றது. ஒவ்வொரு குழுவும் தன் சமயம், தன் மொழி, தன் வழக்கம் ஆகியவற்றோடு தனித்து வாழ்கின்றது. பிறரைச் சந்திப்பது கொள்ளவும் விற்கவும் சந்தைக்கு வரும்போது மட்டுமே. மேலே ஓர் ஆட்சி இல்லாவிடின் அவர்களை இணைக்கும் பொது விருப்பம் ஏதும் இராது என்பது அவர் கண்ட முடிவு. ஆங்கிலச் சொல்லின் பொருளில் அங்கு உடனிருப்பு முழுமையாக இருந்தது. கூடிவாழ்வு மிகக் குறைவாகவே இருந்தது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் இவ்வமைப்பின் குறையை வெளிப்படுத்தியது. இந்தியத் தொழிலாளரின் கூலி சீனத் தொழிலாளரின் கூலியினும் குறைந்திருந்தது. அதனைச் சமமாக்க வேண்டும் என்பது முதன்மையான கோரிக்கை. துரைமாரையும் தோட்ட அதிகாரிகளையும் எதிரே கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்றிருந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார்; பின்னர் அவர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

கூலிக் கோரிக்கை வயிற்றைப் பற்றியது. சைக்கிள் கோரிக்கை மதிப்பைப் பற்றியது. ஒரே சாலையில் இருவர் செல்லலாம். ஒருவர் வரும்போதெல்லாம் மற்றவர் இறங்கி நிற்கவேண்டுமாயின் அச்சாலையில் இருவரும் உடனிருக்கின்றனரே அன்றிக் கூடி வாழவில்லை. வேலைநிறுத்தம் செய்தோர் இலக்கணம் கற்றவர் அல்லர். ஆயினும் உடனிகழ்ச்சியிலிருந்து எண்ணும்மைக்கு மாற அவர்கள் விழைந்தனர் என்று கூறுதல் பொருந்தும்.

முள்வேலிக்குள்

உலகப் போர் முடிந்து ஆங்கிலேயர் மீண்டபின் 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது. காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளுக்குக் காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த மக்களிடமிருந்து உணவும் செய்தியும் சென்றன. அத்தொடர்பை அறுக்கும் பொருட்டு 1950-இல் படைத்தலைவர் ஹரால்ட் பிரிக்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். அத்திட்டப்படி ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் தம் பழைய இருப்பிடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டுப் புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். இவர்களுள் பத்தில் எட்டுப் பேருக்கு மேற்பட்டோர் சீனர். எஞ்சியோரில் மலாய்க்காரரும் இந்தியரும் இருந்தனர். தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புகளும் பல இடங்களில் ஓரிடத்தில் கூட்டப்பட்டு வேலியிடப்பட்டன.

பண்டமாரான் அவ்வாறு தோன்றிய சீனப் புதுக்கிராமங்களுள் ஒன்று. சிலாங்கூர் மாநிலத்தின் பெரிய புதுக்கிராமங்களுள் வைத்து எண்ணப்படுவது. புதுக்கிராமம் என்பதன் அமைப்பு எங்கும் ஏறக்குறைய ஒரே தன்மையது. சுற்றிலும் முள்வேலி, காவலர் நிற்கும் வாயில், இரவில் ஊரடங்கு, வெளியே செல்வோர் அரிசி கொண்டுபோகாதபடி சோதனை. அடுத்த வீட்டில் யார் என்பதை அங்கு வாழ்ந்தோர் தேர்ந்தெடுக்கவில்லை. வேலியின் நோக்கம் அவர்களை ஒருவரோடொருவர் சேர்ப்பதும் அன்று. வெளியே இருந்தோரிடமிருந்து பிரிப்பதே.

இங்கு ஒரு முரண் காணக் கிடக்கின்றது. சமாதான சகவாழ்வு பற்றிப் பீக்கிங்கிலும் பாண்டுங்கிலும் பேசப்பட்ட அதே ஆண்டுகளில், மலாயாவில் இலட்சக்கணக்கானோர் ஆணையின்படி உடனுறைந்தனர். மாநாட்டு மேடையில் உயரிய கொள்கையாக ஒலித்த சொல்லின் அகராதிப் பொருளை, எவ்வகை அடைமொழியுமின்றி, முள்வேலி நிறைவேற்றிக் காட்டியது.

அக்காலத்திலேயே வேறொரு முயற்சியும் நடந்தது. மூவினத் தலைவர்களிடையே ஐயமும் அச்சமும் பெருகியிருந்தமையால் 1949-இல் சமூகத் தொடர்புக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. மலாய்க்காரர், சீனர், இந்தியர், இலங்கையர், யுரேசியர், ஐரோப்பியர் ஆகியோர் அதில் இடம்பெற்றனர். அதன் தலைவராக அமர்ந்தவர் இலங்கைத் தமிழ் மரபில் வந்த ஈ. ஈ. சி. துரைசிங்கம். குடியுரிமை, பொருளாதாரம், கல்வி என்று பிணக்குக்குரிய பொருள்களையே அவர்கள் எடுத்து வைத்து உரையாடினர். உரையாட ஓரிடத்தில் அமர்ந்தது அவர்தம் விருப்பத்தால் நிகழ்ந்தது. வேலிக்குள் வாழ்ந்தோர்க்கும் வாய்ப்பு ஒன்று வந்தது. 1952-இல் இயற்றப்பட்ட உள்ளூர் மன்றச் சட்டத்தின் வழியே புதுக்கிராமங்கள் பலவற்றில் மக்கள் தம் மன்றங்களைத் தாமே தேர்ந்தெடுத்தனர். வாக்குச் சீட்டில் ஒடு உருபுக்கு இடமில்லை. ஒவ்வொருவர்க்கும் ஓர் உம்மை உண்டு. அத்தேர்தல் முறை 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைப்படுத்தியது.

வேலி போன பின்

அவசரகாலம் முடிந்தது, வேலிகள் அகன்றன. ஆணையால் அமைந்த ஊர்களில் பல கலைந்து போயிருக்கக் கூடும். பண்டமாரான் கலையவில்லை, வளர்ந்தது. அருகிலிருந்த துறைமுகம் அதற்கு ஒரு காரணம். இரயில்வேயின் பொறுப்பிலிருந்த துறைமுகம் 1963-இல் தனி ஆணையத்தின் கீழ் வந்தது. 1972-இல் கிள்ளான் துறைமுகம் என்று பெயர்பெற்றது. 1973-இல் கொள்கலக் கப்பல்களை ஏற்கத் தொடங்கியது. துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் வேலை பெருகவே, தோட்டங்கள் துண்டாடப்பட்டு வாழ்விழந்த தமிழர் பலர் இவ்வட்டாரத்துத் தாமான்களுக்கும் கம்பங்களுக்கும் வந்தனர். இம்முறை அவர்கள் கங்காணியோடு வரவில்லை. குடும்பம் குடும்பமாகத் தாமே வந்து, வாடகை பேசி, சீனக் கடைகளுக்கும் மலாய்க் குடியிருப்புகளுக்கும் அருகே வீடு கண்டனர். இன்று பண்டமாரான் கிள்ளானின் மாநகராட்சி எல்லைக்குள் அடங்கிய பகுதி. கிள்ளான் 2024 பிப்ரவரியில் அரச மாநகராயிற்று.

இடையில் நாடு பெரியதோர் இடரைச் சந்தித்தது. 1969 மே 13-இல் கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அதன்பின் 1970 ஆகஸ்டு 31-இல் ருக்குன் நெகாரா என்னும் ஐந்து நாட்டுக் கோட்பாடுகள் வெளியிடப்பட்டன. 'முஹிபா' என்னும் சொல் அக்காலத்தில் நாடெங்கும் வழங்கியது. அன்பு என்னும் பொருளுடைய அரபு மூலத்திலிருந்து மலாய்க்கு வந்த அது, இனங்களுக்கிடையே நல்லெண்ணம் என்னும் பொருளில் நின்றது. உடனிருத்தல் மட்டும் ஒரு நாட்டைக் காவாது என்பதை 1969 உணர்த்தியபின், சொல்லும் மாறவேண்டியதாயிற்று.

மூன்று மொழிகளின் சான்று

இவ்வட்டாரத்தில் வழங்கும் மொழிகள் 'சேர்ந்திருத்தல்' என்பதை எவ்வாறு கூறுகின்றன என்று ஒப்பிடுதல் பயன் தரும். மலாயில் 'பெர்சாமா' என்றால் 'சேர்ந்து' என்று பொருள். அதன் பகுதி 'சாமா'. வடமொழிச் சமம் என்னும் சொல்லே அது. ஒருவர் நன்றி கூறினால் மற்றவர் 'சாமா-சாமா' என்று மறுமொழி கூறுவது மலாயில் அன்றாட வழக்கு. சேர்ந்திருத்தலைக் குறிக்கும் அம்மொழிச் சொல்லின் அடியில் சமத்துவம் கிடக்கின்றது. சீன மொழியில் பஞ்சசீலத்தின் ஐந்தாம் கொள்கையைக் குறிக்க ஆளும் சொல் 'கோங் சூ'. 'கோங்' என்பது ஒருங்கே என்றும், 'சூ' என்பது ஓரிடத்தில் தங்குதல், பிறரோடு ஒத்துப் பழகுதல் என்றும் பொருள்படும். வெறும் இருத்தலின்மேல் பழகுதலும் அச்சொல்லில் உண்டு.

தமிழில் இவ்விரண்டிற்கும் ஈடாக நிற்கக்கூடிய சொல் 'கூடுதல்'. 'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்னும் பழமொழியில் வருவது உடனிருத்தலன்று, கூடுதல். கூட்டம், கூட்டு, கூட்டாளி யாவும் அவ்வேரின் கிளைகள். தமிழ்நாட்டில் கூட்டாளி என்பது பெரும்பாலும் தொழிலிலோ குற்றத்திலோ பங்கு கொண்டவரைக் குறிக்க, மலேசியத் தமிழில் அது நண்பரையே குறிக்கின்றது. 'அவர் நம்ம கூட்டாளி' என்று மலேசியத் தமிழர் சொல்லும்போது அவர் எவ்வினத்தவராகவும் இருக்கலாம்.

சொற்கள் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குச் சென்ற வரலாறும் இங்குச் சான்று கூறும். தமிழின் கடை மலாயில் 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. பெட்டி 'பெத்தி'யாகவும், கட்டில் 'காத்தில்' ஆகவும், முதல் என்பது 'மோடால்' ஆகவும் அங்கு வழங்குகின்றன. மலாயின் கம்போங் மலேசியத் தமிழில் கம்பம் ஆயிற்று, கெத்தா கித்தாவாயிற்று, தாமான் அப்படியே நின்றது. அருகில் இருப்பதால் மட்டும் ஒரு சொல் மொழியெல்லையைக் கடப்பதில்லை. கொடுத்தும் வாங்கியும், கேட்டும் சொல்லியும், ஓயாது பழகிய வாய்களின் வழியாகவே அது கடக்கும். பர்னிவால் கண்ட சந்தை கொள்வினை விற்பனைக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கு இச்சொற்களே சாட்சி.

பள்ளிகளும் பொருள் வேறுபாடும்

இச்சொல்லாராய்ச்சியால் விளையும் பயன் யாது என்ற வினா எழலாம். தமிழ்ப் பள்ளிகளைப் பற்றிய வழக்கு அதற்கு விடை தரும். 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை மலாய், சீன, தமிழ், ஆங்கிலத் தொடக்கப் பள்ளிகளை ஒரே தேசியக் கல்வி முறைக்குள் கொணர்ந்தது. 1957-ஆம் ஆண்டு அரசமைப்பின் 152-ஆம் பிரிவு மலாயைத் தேசிய மொழியாக நிறுத்தி, பிற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் உள்ள உரிமையைக் காத்தது. ஆயினும் தாய்மொழிப் பள்ளிகள் இன ஒற்றுமைக்குத் தடை என்றும், அவை அரசமைப்புக்கு முரணானவை என்றும் வழக்குகள் தொடரப்பட்டன. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அப்பள்ளிகள் அரசமைப்புக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

சட்டத்தின் முடிவு அது. கருத்தளவில் கேள்வி நிற்கின்றது. பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிகளில் பயிலுவது கூடிவாழ்வைக் குலைக்குமா? ஐயம் எழுப்புவோரின் கவலை முற்றும் பொருளற்றதன்று. ஆறாண்டுகள் பிற இனப் பிள்ளையோடு ஒரே விசுப்பலகையில் அமராத பிள்ளைக்கு அவர்தம் பேச்சும் பழக்கமும் அயலாகத் தோன்றக் கூடும். அதனைத் தமிழாசிரியர் மறுத்தல் தகாது. ஆனால் அவ்வாதம் உடனிருப்பையும் கூடிவாழ்வையும் ஒன்றெனக் கொண்டதன்மேல் நிற்கின்றது. ஒரே கட்டடத்தில் வைத்துவிட்டால் ஒற்றுமை தானே விளையும் என்பது புதுக்கிராமத்தை வகுத்தோரின் கணக்குக்கு நெருங்கிய கணக்கு. வேலிக்குள் வைப்பதால் மக்கள் ஒரே இடத்தவர் ஆயினர். அயலார் ஆனது பழகிய பின்னரே. தனித்தனிப் பள்ளியில் பயின்றும், மாலையில் ஒரே திடலில் பந்தாடி, ஒரே கடையில் நின்று, ஒருவர் வீட்டுத் திருநாளில் மற்றவர் உண்டு வளரும் பிள்ளை கூடி வாழக் கற்கலாம். ஒரே பள்ளியில் பயின்றும் உணவு வேளையில் இனம் இனமாகப் பிரிந்து அமரும் பிள்ளை உடனிருக்கவே கற்கின்றது.

ஆகவே பொறுப்பு இருபுறமும் உண்டு. பிறமொழிப் பள்ளி இருப்பதே பகை என்போர் சொல்லின் பொருளை மயங்கியவர். தம் பள்ளி நிலைபெற்றது என்பதனோடு அமைந்து, அதன் வாயிலுக்கு வெளியே உள்ள சீனப் பிள்ளையையும் மலாய்ப் பிள்ளையையும் தம் மாணவர் அறியாது வளர விடுவோரும் அவ்வாறே மயங்கியவர்.

சொற்களை வகுத்து ஆளுதல்

இதுகாறும் கூறியவற்றால், ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் மூன்று சொற்களை இடமறிந்து ஆளுதல் நலம் என்பது பெறப்படும். இயற்பியல், உயிரியல், தத்துவம் ஆகிய துறைகளில் 'உடனிருத்தல்' போதும். அங்கு உறவைப் பற்றிய பேச்சே இல்லை. நாடுகள் தாக்காமலும் தலையிடாமலும் இருப்பதைக் குறிக்க, வழக்கூன்றிய 'சமாதான சகவாழ்வு' நிற்கலாம். வரலாற்றில் அத்தொடர்க்கு ஓர் இடம் உண்டு. ஒரே ஊரில் வாழும் மக்களைக் குறிக்குமிடத்து 'கூடிவாழ்வு' என்பதே பொருத்தம். அவ்வாறு கூடி வாழாது அருகிருப்பது மட்டும் நிகழுமாயின், வள்ளுவர் காட்டிய எச்சரிக்கையோடு 'உடனுறைவு' எனலாம்.

மாணவர் கட்டுரையில் இவற்றுள் எதனை எழுதினர் என்று நோக்கித் திருத்துதல் தமிழாசிரியர்க்குச் சிறிய வேலை. ஆனால் அத்திருத்தத்தின் வழியே மாணவர் கேட்கக் கற்கும் கேள்வி சிறியதன்று: தம் தெருவில் உள்ளோர் ஒடு உருபால் சேர்க்கப்பட்டவரா, உம்மையால் எண்ணப்படுபவரா? பண்டமாரானில் அக்கேள்விக்கு 1950-இல் ஒரு விடை இருந்தது. இன்று வேறொரு விடை வளர்ந்து வருகின்றது. வேலியை அரசு அமைத்தது, அரசே அகற்றியது. அதன்பின் ஊராக நின்றது அங்கு வாழ்ந்த மக்களின் செயல்.